காபிக் குரல்

முப்பத்தோரு வருடங்கள் நான் எழுத்தாளர்களுக்கு எழுதிக் கொடுத்தேன். எழுதுவது அவர்கள் வேலையாயிற்றே என்று கேட்பீர்கள். நாவல் எழுதுவது அவர்கள் வேலைதான். அதை எப்படி எழுதினேன் என்று டேப் ரிக்கார்டர் முன்னால் மூன்று மணி நேரம் பேசுவதும் அவர்கள் வேலைதான். அந்த மூன்று மணி நேரத்தை மனிதர்கள் படிக்கிற மாதிரி ஆக்குவது என் வேலை. இந்த மூன்றில் எது கஷ்டம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் பெயர் ஜெயமேரி. வீடு எடமலைப்பட்டி புதூர். அப்பா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். டைப்ரைட்டிங் ஹையர், சுருக்கெழுத்து லோயர் முடித்துவிட்டு ஏதாவது ஆபீஸில் சேரலாம் என்று இருந்தவளைத் திருச்சியில் ஓர் இலக்கிய மாத இதழ் பிடித்துக்கொண்டது. இதழின் பெயர் வேண்டாம். படித்தவர்களுக்குத் தெரியும், படிக்காதவர்கள்தான் ஊரில் பெரும்பான்மை. மாதம் ஒரு நாவலாசிரியர், இல்லாவிட்டால் தன்வரலாறு எழுதியவர், அவரும் கிடைக்காவிட்டால் ஒரு சினிமா இயக்குநர் என்று யாரையாவது உட்காரவைத்து, 'உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தோன்றியது?' என்று கேட்பது எங்கள் இதழின் பெருமை. கேட்பவர் ஆசிரியர். பதிலைக் கேசட்டிலிருந்து காகிதத்துக்கு இறக்குபவள் நான். ஒரு வருடம் திட்டு வாங்கினேன், அப்புறம் பழகிவிட்டது. பயிற்சிக் காலம் என்று சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

இப்போது ஓய்வு. டி.வி. பார்க்கிறேன், முட்டிக்கு எண்ணெய் தேய்க்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் நஸ்ரின் போன் செய்தாள். எங்கள் இதழின் பதிப்பகத்தை இன்றைக்கு நடத்துபவள் அவள்தான். கெட்டிக்காரி. பழைய கேசட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு மென்பொருளிடம் கொடுத்து, பேட்டிகளை மறுபடி தாளில் இறக்கியிருக்கிறாள். நான் ஒரு வாரம் முக்கி முனகிச் செய்ததை அது நாலு நிமிடத்தில் செய்கிறதாம். எனக்கு வருத்தமே இல்லை. அதற்குக் கழுத்து வலி வராது என்று கேட்டதும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"எல்லாப் பேட்டியும் சேர்த்துப் பெரிய புத்தகமா போடறோம்க்கா. முன்னாடி நீங்க ஒரு அனுபவக் கட்டுரை எழுதித் தாங்க. அந்தக் காலத்துல எப்படி வேலை செஞ்சீங்கன்னு. ஜாலியா இருக்கட்டும்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்புறம் ஒரு சின்ன பிரச்சனைக்கா. ஒரு பேட்டியில மட்டும் மிஷின் தப்புப் பண்ணுது," என்றாள்.

அந்தத் தப்புக்கு வருவதற்கு முன்னால், ஜாலியை முடித்துவிடுகிறேன்.

எங்கள் ஆசிரியர் ரங்கராஜன் சார். ஸ்ரீரங்கம் உத்தர வீதி. நெற்றியில் திருமண், சட்டைப் பையில் சிவப்புப் பென்சில். தாளை மூக்கில் ஒட்டிக்கொள்கிற தூரத்தில் பிடித்துப் படிப்பார். பிடிக்காத வரி வந்தால் "ஹும்" என்பார். பிடித்த வரி வந்தாலும் "ஹும்" என்பார். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எனக்குப் பதினோரு மாதம் ஆயிற்று. ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. தப்பு இருந்தால் அதைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டுத் தாளை என் மேஜையில் வைத்துவிட்டு, நான் கண்டுபிடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். அதற்குச் சத்தம் போட்டிருக்கலாம்.

வேலை முறை இதுதான். முதலில் முழுப்படி: காதில் விழுவதெல்லாம் எழுத வேண்டும். இருமல், தெருவில் போகிற கோலப்பொடிக்காரர், பல்லி, எல்லாம். ஒரு வாக்கியம் ஓடவிட்டு, நிறுத்தி, எழுதி, ரிவைண்ட் செய்து, மறுபடி கேட்டு, அப்புறம் அடுத்த வாக்கியம். கேசட் இயந்திரத்தில் மற்றப் பொத்தான்களெல்லாம் புதிதாக இருக்கும். ரிவைண்ட் பொத்தான் மட்டும் மூன்று தடவை உடைந்தது. இரண்டாவது, சுத்தப்படி: அதிலிருந்து வாசகருக்கு வேண்டியதை மட்டும் எடுத்து ஒழுங்கு செய்வது. மூன்றாவது, புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்பது: நாவலில் கதாநாயகிக்கு இருபது வயது என்றிருந்தால் பேட்டியிலும் இருபதுதான் இருக்க வேண்டும். எழுதியவரே இருபத்திரண்டு என்று சொல்லித் தொலைத்திருந்தால் நாங்கள் இருபது ஆக்குவோம். கடைசியாக ஒப்புதல் படி: ஸ்டாம்பு ஒட்டிய பதில் உறையோடு பேட்டி கொடுத்தவருக்குப் போகும். அவர் படித்து, திருத்தி, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். ஒப்புதல் வராமல் ஒரு வரிகூட அச்சேறாது. இறந்தவர் பேட்டியானால் வாரிசு கையெழுத்துப் போட வேண்டும். இதில் மட்டும் ரங்கராஜன் சார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்.

முழுப்படிக்கும் சுத்தப்படிக்கும் நடுவில் ஒரு சட்டம் உண்டு. முதல் மாதமே சொல்லிவிட்டார்.

"மேரி, பேட்டின்னா கோயில் மாதிரி. மூலவர் ஒருத்தர்தான். மத்தவாள்ளாம் பிராகாரத்துல நிக்கணும். கேட்டது நான், சொன்னது அவர். மூணாவதா ஒரு குரல் வந்தா எடுத்துடு."

மூன்றாவது குரல் என்பது பெரும்பாலும் காபி கொண்டுவருகிற குரல். "சர்க்கரை போதுங்களா?", "அந்த வருஷம் இல்லீங்க, அதுக்கு மொத வருஷம்", "அவரு சொல்ல மறந்துட்டாரு, அந்தக் கதைய முதல்ல திருப்பி அனுப்பிட்டாங்க". ஆபீஸில் அதற்குக் காபிக் குரல் என்றே பெயர் வைத்திருந்தோம். முழுப்படியில் பென்சிலால் 'கா.கு.' என்று குறித்து ஓரமாக ஒரு கோடு போட்டால் வேலை முடிந்தது. எத்தனை கோடு போட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

காபிக் குரல் எப்போதும் காபியோடு வரும் என்று நினைக்காதீர்கள். ஓர் இயக்குநர் திருச்சிக்கு வந்திருந்தார். ஓட்டல் அறையில் பேட்டி. மழையில் ஒரு கிழவர் மாட்டோடு நிற்கிற காட்சி அவர் படத்தில் பிரமாதமாகப் பேசப்பட்டது. அதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். அறை மூலையில் அவருடைய உதவி இயக்குநர் உட்கார்ந்திருக்கிறார் என்பது டேப்பைக் கேட்டால்தான் தெரியும்.

"அந்த ஊர் பேரு என்னப்பா?"

"உப்பிலியபுரம் சார்."

"ஆங், உப்பிலியபுரம். என் ஆன்மாவுல கலந்த ஊர் சார் அது. அங்க அந்தப் பெரியவரை நான் பார்த்தப்ப..."

"நான் பார்த்து போட்டோ அனுப்பினேன் சார்."

"போட்டோவுல பார்த்தப்ப, அப்பவே எனக்குள்ள மழை பெய்ய ஆரம்பிச்சிருச்சு."

சுத்தப்படியில் ஆன்மா இருந்தது, மழை இருந்தது. போட்டோ அனுப்பியவர் பிராகாரத்துக்குப் போய்விட்டார்.

தன்வரலாறு எழுதியவர்கள் இன்னொரு தினுசு. ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவர், "நான் எதையும் மறைக்கல. என்னை நானே நிர்வாணமா நிறுத்தியிருக்கேன்," என்று ஆரம்பித்து நாலு கேசட் பேசினார். அண்ணனோடு சண்டை, மேலதிகாரிக்குப் பயந்து போட்ட ஒரு கையெழுத்து, எல்லாம் சொன்னார். எனக்கே ஆளைப் பிடித்துவிட்டது. ஒப்புதல் படி திரும்பி வந்தபோது அதில் மிஞ்சியிருந்தது அவர் பிறந்த ஊரும் கணக்கு வாத்தியாருக்கு நன்றியும்தான். நிர்வாணமாகப் போனவர் கோட்டு சூட்டு டையோடு திரும்பியிருந்தார்.

நாவலாசிரியர்கள் எதையும் அடிக்க மாட்டார்கள். அவர்களுக்குப் பாத்திரங்கள் தாங்களாகவே வரும். கதவைத் தட்டும், கனவில் அழும், பேனாவைப் பிடித்து இழுக்கும். யாரோ ஒரு மனுஷி உட்கார்ந்து சொன்னாள், நான் கேட்டுக்கொண்டேன் என்று முப்பத்தோரு வருடத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

நஸ்ரின் சொன்ன தப்பு அப்படி ஒரு நாவலாசிரியரின் பேட்டியில்தான். பெயர் வேண்டாம், ஊருக்கே தெரியும். மலை நாவல் எழுதியவர் என்று சொன்னால் போதும். பச்சைமலையில் ஒரு சிறுமி, காய்ச்சலில் கிடக்கும் தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மலை இறங்குவதுதான் அந்த நாவலின் உயிர். அதைப் படித்துவிட்டு அழாதவர்கள் உண்டு; அழவில்லை என்று ஒப்புக்கொண்டவர்கள் கிடையாது. ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டில் பேட்டி. எனக்கு அப்போது வேலையில் ஏழாவது வருடம். கேசட்டின் இரண்டாம் பக்கத்தில், ரங்கராஜன் சார் கேட்கிறார்:

"தம்பியை முதுகுல கட்டிண்டு அவ மெதுவா நடக்கறாளே, அந்த இடம் உங்களுக்கு எப்படித் தோணித்து?"

நீண்ட மௌனம். நாவலாசிரியர்களுக்கு இந்த மௌனம் கட்டாயம்.

"ஒரு மழை நாளுங்க. பஸ்ல ஜன்னலோரமா உட்கார்ந்து வந்துக்கிட்டிருக்கேன். திடீர்னு அவ எதிர்ல வந்து நின்னா. எங்கேருந்து வந்தான்னு எனக்கே தெரியாது. தரிசனம்னுதான் சொல்லணும்."

டம்ளர் வைக்கிற சத்தம். அப்புறம் ஒரு பெண் குரல்.

"அப்ப அங்க ஏதுங்க பஸ்சு. நாந்தான் இறங்குனேன்."

அவருடைய மனைவி. பெயர் வெள்ளையம்மா என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். பச்சைமலையில் பிறந்தவர். அதுவும் பிற்பாடுதான் தெரியும். டேப்பில் அவர் மேலே பேசுகிறார். அழுகையெல்லாம் இல்லை, மளிகை சாமான் சொல்கிற மாதிரியான குரல்.

"அப்பா கிழங்கு புடுங்கப் போயிட்டாரு. அம்மாவுக்கு அப்பத்தான் புள்ள பொறந்து எந்திரிக்க முடியல. எனக்குப் பதினொண்ணு. அவனுக்கு நாலு வயசு. பாதி வழி வரைக்கும் அனத்திக்கிட்டே வந்தான். அப்புறம் சத்தத்தக் காணோம். கனம் கூடிப்போச்சு. புள்ளைங்க தூங்குனா கனக்கும்ல? தூங்கிட்டான்னு நினைச்சேன். முழிச்சிக்கக் கூடாதேன்னு மெதுவா நடந்தேன். ஆஸ்பத்திரி வாசல்ல நர்சம்மா அவுத்துப் பார்த்துட்டுத்தான் சொன்னாங்க."

நடுவில் தம்பியின் பெயரையும் சொன்னார். சரியாக அந்த நேரம் தெருவில் ஓர் ஆட்டோ ஹாரன் அடித்தது.

பிறகு நாவலாசிரியர், "சரி சரி, அடுப்புல பால் இருக்கு பாரு," என்கிறார். ரங்கராஜன் சார், "காபி நன்னா இருக்கும்மா," என்கிறார். காலடிச் சத்தம் உள்ளே போகிறது. "தரிசனம்னு சொன்னேளே, அதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லுங்கோ."

அவர் விரிவாகச் சொன்னார். பதினெட்டு நிமிடம்.

நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு அப்புறம் நான் செய்தது எனக்குப் பெருமை சேர்க்கிற காரியம் இல்லை. முழுப்படியில் எல்லாவற்றையும் எழுதினேன். ஹாரனுக்கு அடியில் இருந்த பெயரைக்கூட ரிவைண்ட் செய்து செய்து பிடித்துவிட்டேன். ஓரத்தில் கோடு போடக் கை வரவில்லை. சாரிடம் போய், "இது மட்டும் இருக்கட்டும் சார்," என்றேன்.

"யார் சொன்னா?"

"அவர் வீட்டம்மா சார்."

"வீட்டம்மாவை நாம பேட்டி எடுக்கலியே. மூலவர் யாரு?"

ஸ்ரீரங்கத்தில் தாயாருக்குத் தனிச் சந்நிதி இருக்கிறதே சார் என்று கேட்டிருக்கலாம். அந்தப் பதில் எனக்கு இருபத்தைந்து வருடம் கழித்து, முட்டிக்கு எண்ணெய் தேய்க்கும்போது தோன்றியது.

அன்றைக்கு எனக்குத் தோன்றியது வேறு. குரலைத்தானே எடுக்கச் சொல்கிறார், சங்கதியை எடுக்கச் சொல்லவில்லையே! ஆகவே வெள்ளையம்மா சொன்னதை அப்படியே எடுத்து, 'நான்' வந்த இடமெல்லாம் 'அவள்' போட்டு, நாவலாசிரியரின் பதிலோடு ஒட்டினேன். தரிசனத்தில் அவர் கண்டதாக ஆகிவிட்டது. ஒட்டு தெரியவில்லை, கைத்தொழில் அப்படி. முடிவு மொட்டையாக இருக்கிற மாதிரி இருந்ததால் நானாக ஒரு வரியும் சேர்த்தேன்: 'மலையை விடக் கனமானது, முதுகில் உறங்கும் மௌனம்.' எழுதி முடித்ததும் எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது. அப்புறம் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தேன். நாவலில் தம்பிக்கு ஆறு வயது. நாலு வயதுப் பையன் அத்தனை தத்துவம் பேச மாட்டான் என்று ஆறாக்கியிருக்க வேண்டும். முறைப்படி, நாலை அடித்து ஆறு போட்டேன்.

சார் மூக்கருகே வைத்துப் படித்தார். "ஹும்," என்றார். பிடித்த ஹும்.

ஒப்புதல் படி திரும்பி வந்தது. கடைசியில் நாவலாசிரியரின் கையெழுத்து, வழக்கமான பச்சை மையில். பச்சை மையைத் தவிர வேறு எதையும் அவர் தொட மாட்டார். அதைப் பற்றியே ஒரு பேட்டியில் அரைப் பக்கம் பேசியிருக்கிறார். ஒட்டுப்போட்ட பதிலில் அவர் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. நான் சேர்த்த வரிக்கு அடியில் மட்டும் ரசித்துக் கோடு போட்டிருந்தார். ஆனால் அதே பக்கத்தில், 'ஆறு வயது' என்ற இடத்தில், ஆறை அடித்து மேலே 'நாலு' என்று எழுதியிருந்தது. பென்சிலில். உருண்டை உருண்டையான எழுத்து.

சாரிடம் காட்டினேன். "மறந்துட்டார் போலருக்கு. நாவல்ல ஆறுன்னுதானே இருக்கு? ஆறே போட்டுடு," என்றார்.

அது அவர் எழுத்தில்லை என்று எனக்குத் தெரியும். யார் எழுத்து என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே ஆறு என்று டைப் அடித்தேன்.

அந்தப் பேட்டி அமோகமாகப் போயிற்று. கல்லூரிகளில் பாடம் ஆயிற்று. நாவலாசிரியர் கூட்டத்துக்குக் கூட்டம் அந்த மௌன வரியைச் சொல்லிக் கைதட்டு வாங்கினார். இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் மலை, சூரியன், பக்கத்தில் அந்த வரி, கீழே அவர் பெயர் என்று காலை வணக்கத்தோடு வருகிறது. என் தங்கையே எனக்கு அனுப்பியிருக்கிறாள். ரங்கராஜன் சார் காலமாகிவிட்டார். பெருமாளையே பேட்டி கண்டுகொண்டிருப்பார். நாவலாசிரியரும் நாலு வருடம் முன்னால் போய்விட்டார்.

இப்போது நஸ்ரினின் பிரச்சனைக்கு வரலாம்.

"அந்த தரிசனப் பதில் இருக்குல்லக்கா, அதை மிஷின் ரெண்டாப் பிரிக்குது. பாதியைப் 'பேசுபவர் 3'ன்னு போடுது. லேடி வாய்ஸ்னு வேற சொல்லுது. அதோட அந்த ஃபேமஸ் லைன் இருக்கே, அதை அப்படியே முழுங்கிடுச்சு."

"அப்படியா," என்றேன்.

"பழைய சுத்தப்படியே போட்டுடலாம்க்கா. மிஷின் தப்பு, மூலப் பேட்டி இதுதான்னு நீங்க ஒரு கடிதம் குடுத்துட்டாப் போதும். வாரிசு கையெழுத்துக்கு அவங்க வீட்டம்மாகிட்ட போகணும். அதையும் நீங்களே வாங்கிட்டு வந்துட்டீங்கன்னா, உங்க காலத்து ஆளுங்கன்னு மறுக்க மாட்டாங்க."

தான் சொன்னதைத் தன் புருஷன் சொன்னதாக ஒப்புக்கொண்டு அந்தம்மா கையெழுத்துப் போட வேண்டும். அதை நான் வாங்கி வர வேண்டும். போட்டுவிட்டால் இனி எந்த மிஷின் வந்தாலும் அந்தப் பையனுக்கு ஆறு வயது, அவன் தரிசனத்தில் வந்தவன், அவனுக்குப் பெயர் கிடையாது. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாவது நாள், நஸ்ரின் அனுப்பிய இரண்டு படிகளையும் பையில் வைத்துக்கொண்டு பஸ் மாறி ஸ்ரீரங்கம் போனேன். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

இரண்டாவது மாடி ஃபிளாட். வெள்ளையம்மா கதவைத் திறந்தார். எழுபது தாண்டியிருக்கும். குரல் மட்டும் அதே குரல். ஆளை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். ஆனால் அவர் குரல் என் காதில் இத்தனை வருடம் இருந்தது என்று எப்படிச் சொல்வது? பத்திரிகையில் வேலை செய்தேன், டேப்பைக் கேட்டு எழுதியது நான்தான் என்று மட்டும் சொன்னேன்.

"உட்காருங்க. காபி சாப்பிடறீங்களா?"

"வேணாம்மா," என்றேன் அவசரமாக. கொண்டுவந்தார்.

பழைய சுத்தப்படியை முதலில் கொடுத்தேன். கண்ணாடி போட்டுப் படித்தார். 'ஆறு வயது' வந்ததும் விரல் நின்றது.

"இதை அப்பவே திருத்தி அனுப்புனேனே. அவரு கையெழுத்துப் போட்டு டேபிள்ல வச்சிட்டுப் போயிட்டாரு. நான் படிச்சிட்டு, பென்சிலால மாத்தித்தான் கவர்ல போட்டேன். நீங்க பார்க்கலயா?"

"பார்த்தேன்மா."

"எழுத்து மாறியிருக்கே, யாரு எழுதுனதுன்னு ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு நினைச்சேன். கேட்டா சொல்லலாம்னு இருந்தேன்."

அவர் மேலே படித்தார். கடைசி வரியில் முகத்தைச் சுளித்தார்.

"இந்த மௌனம் கிவுனமெல்லாம் நான் சொல்லலயே."

"நான் சேர்த்ததும்மா."

"நீங்களா? அவரு மேடைக்கு மேடை சொன்னாரே!"

"ஆமாம்மா."

"பாவம், அவருக்கே தெரியாம போச்சு," என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அந்த வீட்டில் அன்றைக்குச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அப்புறம் மிஷின் படியைக் கொடுத்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். கோயில், மூலவர், காபிக் குரல், நான் ஒட்டியது, ஆறாக்கியது, எதையும் விடவில்லை. எந்தப் படியில் கையெழுத்துப் போடுவது என்பது அவர் இஷ்டம் என்றேன். அவர் படித்தார். வரிக்கு வரி விரல் வைத்து, உதட்டை அசைத்து.

"நாலுன்னுதான் போட்டிருக்கு. மிஷினுக்குக் காது நல்லாருக்கு," என்றார். "பேசுபவர் மூணுங்கறது யாரு?"

"நீங்கதான்."

பையிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினேன். முப்பத்தோரு வருடப் பழக்கம்.

"பேனா குடுங்க. பென்சில்ல எழுதுனா உங்களுக்குக் கண்ணு தெரியாது," என்றார்.

கொடுத்தேன். பழைய படியைக் குறுக்கே ஒரு கோடு போட்டு ஒதுக்கி வைத்தார். மிஷின் படியில் பேசுபவர் 3 என்பதை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார். அந்தக் கடிதத்தை நான் நஸ்ரினுக்கு எழுதப் போவதில்லை என்று எனக்கு அப்போதுதான் நிச்சயமாயிற்று. அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரையை எழுதிக் கொடுக்கிறேன். இதை முன்னுரையாகப் போடுகிற தைரியம் அவளுக்கு இருக்கிறதா என்று பார்க்கலாம்.

கையெழுத்துப் போடப் போனவர் நிறுத்தினார். ஓர் இடத்தைக் காட்டினார். 'அவனுக்கு நாலு வயசு' என்பதற்கு முன்னால் வெறும் புள்ளிகள். பக்கத்தில், தெளிவில்லை என்று மிஷின் குறித்திருந்தது. ஆட்டோ ஹாரன்.

"இங்க அவன் பேரைச் சொன்னேன்."

"செல்லமுத்து," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் வாயைத் தவிர வேறு வாயில் அந்தப் பெயரை அவர் கேட்டு எத்தனை வருடம் இருக்கும் என்று தெரியவில்லை. என் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்திருக்க வேண்டும்.

"எப்படித் தெரியும்?"

"ஹாரன்ல சரியா கேக்கலம்மா. ரிவைண்ட் பண்ணிப் பண்ணிப் பத்து தடவைக்கு மேல கேட்டேன்."

"பத்து தடவை கேட்டுமா விட்டீங்க?"

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, புள்ளிகளுக்கு மேல் செல்லமுத்து என்று எழுதினார். வயதை மிஷின் சரியாகத்தான் போட்டிருந்தது. இருந்தாலும், பக்கத்திலேயே நாலு வயசு என்று இன்னொரு தடவை எழுதினார்.